ஒரு கண் குறைகிறது

ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் மோப்பம். முகத்துக்கு நேரே முதலாளி என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும் மோப்பம்தான். சும்மா சொல்லக் கூடாது, பொருத்தமான பெயர். எந்தப் பூவைக் கையில் எடுத்தாலும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோவார். மனுஷர்களிடமும் அப்படியேதான். இவன் ஏன் இன்றைக்குச் சீக்கிரம் வந்தான், அவள் எதற்குத் தனியாகச் சிரித்துக்கொண்டு போகிறாள், டிரைவர் ஏன் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினான் என்று மோப்பம் பிடித்துக்கொண்டே இருப்பார். பாதி நேரம் ஒன்றும் இருக்காது. மீதிப் பாதி நேரமும் ஒன்றும் இருக்காது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்?

அவர் தொழில் புது ரோஜா உண்டாக்குவது. கடைகளில் நீளக் காம்போடு வாளியில் நிற்கிறதே, அந்த மாதிரி ரோஜா. ஏதோ பூவோடு கொஞ்சுகிற வேலை என்று நினைத்தால் தப்பு. பூ விரிவதற்கு முன்பே இதழ்களைப் பிய்த்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைச் சின்னக் கத்தரியால் வெட்டியெடுத்து, மொட்டைத் தலையோடு நிற்கிற அதற்குக் காகிதப் பையை மாட்ட வேண்டும். அப்புறம் வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு அதில் தடவ வேண்டும். காய் பிடித்துப் பழுத்தால் விதையை எடுத்துக் குளிரில் வைத்து எழுப்ப வேண்டும். கடைசியில் முளைத்து வருகிற ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போட வேண்டும். இதைப் பத்து வருஷத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தவருக்கு ஒருவழியாக ஒன்று கிடைத்தது.

வெண்ணெய் நிறம், ஓரத்தில் மட்டும் செம்மை. அழகு கிடக்கட்டும், அழகுக்கு இந்தத் தொழிலில் பஞ்சமே கிடையாது. விஷயம் வாசனை. மணக்கிற ரோஜா ஜாடியில் நிற்காது, இரண்டு நாளில் தலையைத் தொங்கப் போட்டுவிடும். நாள்பட நிற்கிற ரோஜாவை மோந்து பார்த்தால் காகிதத்தை மோந்த மாதிரி இருக்கும். இதுவோ அறை முழுக்க மணத்தது, இரண்டு வாரம் வாடாமலும் நின்றது. முதல் தடவை மோந்தபோது அவர் அழுதுவிட்டார். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

உலகத்திலேயே அந்தச் செடி ஒன்றே ஒன்றுதான். அங்கேதான் வந்தது வினை. ரோஜாவில் ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் அரிசி அளவுக்கு ஒரு கண் இருக்கும். அந்த ஒரு கண்ணைப் பட்டையோடு சீவி எடுத்து, ஏதாவது ஒரு காட்டு ரோஜாவின் தண்டில் கீறிச் செருகிக் கட்டிவிட்டால் போதும், அங்கே இதே ரோஜா முளைத்துவிடும். புது ரகம் இன்னாருடையது என்ற அரசாங்கப் பதிவு கைக்கு வருகிறவரை யாரிடம் கண் இருக்கிறதோ அவன்தான் சொந்தக்காரன். பதிவுக்கு மனுப் போடும் முன் இன்னும் ஒரு சுற்றுப் பூ பார்த்துவிடலாம் என்று இருந்தார். அதுவரை அவருக்குத் தூக்கம் கிடையாது.

செடியைத் தொட்டியில் வைத்து, தோட்டத்து மூலையில் இருந்த சின்னக் கண்ணாடி அறையில் தனியாகப் பூட்டினார். உள்ளே போக மூன்று பேருக்குத்தான் அனுமதி: அவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. பூ எத்தனை நாள் நிற்கிறது என்று பார்க்க பேக்கிங் ஷெட்டுக்கு அனுப்பும்போதெல்லாம், காம்பில் இருக்கிற கண்களைக் கத்தி முனையால் தோண்டிக் கெடுத்துவிட்டுத்தான் அனுப்புவார். செடியில் மிச்சம் இருக்கிற கண்களைத் தினமும் காலையில் விரலால் தடவி எண்ணுவார். பல் விளக்காமல்கூட இருப்பார், எண்ணாமல் இருக்க மாட்டார்.

மனைவி சொல்லிப் பார்த்தாள். ஒரே செடியை நம்பி இருக்கலாமா, ஒரு பூச்சி, ஒரு நோய் வந்தால் என்ன செய்வது, இரண்டு மூன்று கண் எடுத்து ஒட்டு வைத்துவிடலாமே என்றாள். ஒன்று இருந்தால் ஒன்றைக் காவல் காக்க வேண்டும், மூன்று இருந்தால் மூன்றையும் காவல் காக்க வேண்டும், எனக்கு எத்தனை கண் இருக்கிறது என்று எரிந்து விழுந்தார். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். அதையும் அவர் அப்போது மோப்பம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் எண்ணிக்கொண்டு வந்தபோது ஒரு கண் குறைந்தது. திரும்ப எண்ணினார். அடித்தண்டில், இலைகள் மறைக்கிற பக்கம், பட்டை சீவப்பட்டிருந்தது. காயம் ஆறி ஓரம் பழுப்பேறியிருந்தது. எடுத்துச் சில நாள் ஆகியிருக்க வேண்டும். அத்தனை நாளும் அந்தப் பக்கத்து இலையடியில் விரல் ஓடிய வேகத்தில் தப்பாக எண்ணியிருக்கிறார்.

வெட்டைக் குனிந்து பார்த்தார். மேலே நேராக ஒரு கோடு, கீழே கூர்ந்து முடிகிற இடத்தில் இடப்பக்கமாக ஒரு சின்ன வளைவு. அந்த வளைவு அவருடைய கைப்பழக்கம். அவரிடம் ஒட்டுக் கட்டப் படித்தவர்களுக்குத்தான் அது வரும். மனைவியும் படித்தவள்தான், ஒரு காலத்தில் அவரைவிட வேகமாகக் கட்டியவள். ஆனால் அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, கத்தியைத் தொட்டே வருஷங்கள் ஆகிவிட்டன. ரவிக்கைக் கொக்கி மாட்டவே ஆள் கூப்பிடுகிறாள். அவளைக் கழித்துவிட்டார். மிச்சம் யார்? மைத்துனன்.

அவன் பேக்கிங் ஷெட்டைப் பார்த்துக்கொண்டு, அதன் மாடியில் ஒற்றை அறையில் இருந்தான். கல்யாணம் ஆகாதவன், வாய்த்துடுக்கு. “மாமா, உங்க மூக்கை இன்ஷூர் பண்ணி வைங்க, அதுதான் இங்க இருக்கிற ஒரே சொத்து” என்று ஆட்கள் முன்னாலேயே கிண்டல் செய்வான். அவரும் சிரிப்பார். இப்போது அந்தக் கிண்டலெல்லாம் வேறு மாதிரி கேட்டது. நகரத்துப் பூ வியாபாரி ஒருவர் அவனை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். போகவில்லை என்று சொன்னான். ஏன் போகவில்லை? என்ன கிடைக்கும் என்று இங்கேயே இருந்தான்? போனால் சந்தேகம் என்றால், போகாதது அதைவிடப் பெரிய சந்தேகமாக இருந்தது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அதுவரை சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த சாவியை எடுத்துவிட்டு, புதுப் பூட்டு வாங்கி, சாவியைச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டார். அறை வாசலில் தரையெல்லாம் மாவு தூவி வைத்தார். காலையில் பார்த்தால் பூனையின் கால்தடம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மைத்துனனைப் பார்த்தார். அவன் போனில் பேசினால் வாளி எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றார். ஒரு நாள் கொடியில் காய்ந்த அவன் சட்டையை எடுத்து மோந்துகொண்டிருந்தபோது அவனே வந்துவிட்டான். “சோப்பு நல்லா இருக்கா மாமா?” என்று கேட்டான். முகத்தில் சிரிப்பு இருந்தது. இவ்வளவு சாதாரணமாக இருக்கிறான் என்றால் கைதேர்ந்த திருடன்தான் என்று அவர் முடிவு கட்டினார்.

விரல் வைத்தியத்துக்காக மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் விஷயம் வெடித்தது. நேரே மாடி ஏறிப் போய், எடுத்த கண் எங்கே என்று கேட்டார். எந்தக் கண் என்று அவன் கேட்டான். அந்தக் கேள்வியே நடிப்பு என்றார். அந்த வளைவு யார் கை என்று கேட்டார். நீங்கள் கற்றுக் கொடுத்த கைதான், அதற்காக உங்களையும் திருடன் என்று சொல்லலாமா என்று அவன் கேட்டான். பேச்சு தடித்தது. கடைசியில் அவன் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தான்.

அதோடு விட்டாரா மனுஷர்? வாசல் கேட்டில் நிறுத்தி, பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு சட்டைப் பையையும் வெளியே இழுத்துப் பார்த்தார். தலையணையைத் தடவினார். அவன் ஜன்னலில் வைத்திருந்த நாலைந்து தொட்டிகளும் வண்டியில் ஏறக் காத்திருந்தன, எல்லாம் தாறுமாறாக வளர்ந்த காட்டு ரோஜாக்கள். குனிந்து ஒவ்வொன்றாக இலைகளை மோந்தார். ஒன்றும் மணக்கவில்லை. “இந்தக் குப்பையையும் எடுத்துட்டுப் போ” என்று தொட்டிகளைத் தன் கையாலேயே தூக்கி வண்டியில் வைத்தார். வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மனைவி திரும்பி வந்து கேள்விப்பட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று பதில்களெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டில் சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் வைக்கவில்லை.

மைத்துனன் அந்தப் பூ வியாபாரியிடமே சேர்ந்துவிட்டான் என்று தெரிந்ததும் அவருக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தார். ஒரு கண் எடுத்தவன் இன்னொன்றுக்கு வர மாட்டானா? கண்ணாடி அறையின் கூரையில் காற்று போக ஒரு திறப்பு இருந்தது. ஒரு கை நுழையலாம். ஏணி போட்டு ஏறி அதைப் பலகை வைத்து ஆணியடித்தார். பூஞ்சணம் வராமல் இருக்கச் செடிக்குக் கந்தகத் தூளும் தானே தூவினார். இந்த வேலையைச் செய்கிற ஆளை உள்ளே விட்டால்தானே?

மறுநாள் அறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நகரத்துப் பூச்சந்தைக்குப் போனார். தன் ரோஜா அங்கே வந்திருக்கிறதா என்று கடை கடையாக ஏறி இறங்கினார். வாளி வாளியாக மோந்தார். வாங்காமல் மோந்துகொண்டே போகிறவரை ஒரு கடைக்காரி, “பெரியவரே, மூக்குக்குத் தனியா வாடகை வாங்கப் போறேன்” என்று விரட்டினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. இலை கருகுகிற வெயில் என்று அவரே ஒரு கடைக்காரரிடம் சொன்னார். சொன்னபோதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது கண்ணாடி அறையின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து கிடந்தது. ஒரு நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பார்த்தாயா, வந்துவிட்டான், நான் சொன்னேன் அல்லவா என்று கத்திக்கொண்டே ஓடினார். உள்ளே அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் சுற்றியிருந்த புடவைத் தலைப்பு ரத்தத்தில் நனைந்திருந்தது. பக்கத்தில் தண்ணீர் வாளி. உச்சி வெயிலில் வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள். செடி தலை சாய்ந்து கிடந்திருக்கிறது. சாவி இல்லை. கல்லை எடுத்து உடைத்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். காற்றுப் போகாத அறையில், அந்தச் சூட்டில், கந்தகம் இலையையும் தண்டையும் வேகவைத்துவிட்டிருந்தது.

நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். பச்சை இல்லை. இன்னும் கீழே கீறினார். பழுப்பு. மண் வரைக்கும் பழுப்புத்தான். எத்தனையோ நாள் காத்திருந்தார், தண்ணீர் தெளித்தார், வேரைக் கிளறினார். கண்கள் எல்லாம் மிளகு மாதிரி கறுத்து, தொட்டால் உதிர்ந்தன. பத்து வருஷத்தையும் தானே பூட்டி வைத்து வேகவைத்ததை நினைக்க நினைக்க அவருக்குத் தன் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு நாள் வேலைக்காரர்கள் எதிரிலேயே உட்கார்ந்து அழுதார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில், பேசாமல் இருந்து பழகிவிட்ட மனைவி பேசினாள்.

“அந்தக் கண்ணை நான்தான் எடுத்தேன்.”

அவர் நிமிர்ந்தார். அவளுடைய வீங்கிய விரல்களைத்தான் முதலில் பார்த்தார்.

“ஆமா, இந்த விரல்தான். மடங்கவே இல்ல. நாடாவைப் பல்லால இழுத்துக் கட்டினேன். உங்ககிட்ட கேட்டா குடுத்திருக்க மாட்டீங்க. அந்தச் செடி போயிட்டா நீங்களும் போயிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு. தம்பி ரூம் ஜன்னல்ல இருந்த ஒரு காட்டு ரோஜாவுல, அவனுக்கும் சொல்லாம, அடியில செருகி வச்சேன். அதைத்தான் நீங்க மோந்து பாத்துட்டு உங்க கையாலயே வண்டியில ஏத்தி அனுப்புனீங்க.”

ஊரிலிருந்து வந்த உடனே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொல்லியிருந்தா அவன் திருடன் இல்லன்னு ஒத்துக்குவீங்க. அடுத்து நான் திருடி. செடி கிடைக்குதுங்கிறதுக்காக இல்லாம, அவனுக்காக ஒரு நாளாவது நீங்களா வருத்தப்படுவீங்களான்னு பாத்துட்டிருந்தேன்.” தட்டுகளை அடுக்கினாள். “நீங்களே போய்க் கேளுங்க. நான் வர மாட்டேன்.”

போவதற்கே அவருக்கு மனசு கூசியது. என்னவென்று கேட்பது? மன்னித்துவிடு, அப்படியே அந்தத் தொட்டியையும் கொடு என்றா? அவன் அதைக் களை என்று அடியோடு கிள்ளிப் போட்டிருந்தால்? அல்லது என்னவென்று கண்டுபிடித்து வியாபாரியிடம் கொடுத்திருந்தால்? கொடுத்தால்தான் என்ன தப்பு, நான் அவனுக்குச் செய்ததற்கு என்று ஒரு மனசு சொன்னது. கொடுத்திருப்பான், கண்டிப்பாகக் கொடுத்திருப்பான் என்று இன்னொரு மனசு சொன்னது. பழைய மனசு அது, அவ்வளவு சுலபத்தில் போகாது.

மைத்துனன் ஒரு தையல் கடையின் மாடியில் குடியிருந்தான். படியில் ஏறும்போதே அந்த மணம் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிக் கதவைத் தட்டினார்.

அவன் பாதிக் கதவைத் திறந்து, அவரைப் பார்ப்பதற்கு முன்னால் அவருக்குப் பின்னால் பார்த்தான்.

“யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?”

யாரும் இல்லை என்றார். அவன் நம்பவில்லை. படி வரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டான். ஜன்னலில் திரை இழுத்து மூடியிருந்தது. திரைக்குப் பின்னால் அந்தத் தொட்டி. காட்டு ரோஜாவின் தலையை வெட்டிவிட்டிருந்தான். அடியிலிருந்து கொழுகொழுவென்று ஒரு தளிர்த் தண்டு எழும்பி நின்றது. அதன் நுனியில் வெட்டிய பூ ஒன்று, மேஜை மேல் பாட்டிலில், வெண்ணெய் நிறத்தில், ஓரம் சிவந்து நின்றது.

தனக்கு எதுவும் தெரியாது என்று அவன் ஆரம்பித்தான். அடியில் ஒரு கண் வீங்கியதைப் பார்த்து, யார் கட்டினது என்று புரியாமல், ஒரு ஆர்வத்தில் மேல்செடியை வெட்டிவிட்டானாம். மொட்டு நிறம் காட்டிய அன்றைக்குத்தான் அது எந்த ரோஜா என்று தெரிந்ததாம்.

“நீங்கதான் என்னை மாட்டிவிட வச்சு அனுப்பியிருக்கீங்கன்னு நினைச்சேன் மாமா. போலீஸோட வருவீங்கன்னு தினம் பாத்துட்டிருந்தேன். தூக்கி எறியலாம்னு பாத்தா, மனசு வரல.”

அக்கா செய்த காரியத்தை அவர் சொன்னார். தட்டுத் தடுமாறி, செடி செத்ததையும் சொன்னார். அக்கா பல்லால் நாடாவை இழுத்துக் கட்டியதைச் சொன்னபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணும் கலங்கியது.

அவர் பாட்டிலைக் கையில் எடுத்து மோந்தார். அதே மணம். மூச்சு நெஞ்சு வரைக்கும் போய் வந்தது. அப்புறம் பழக்கதோஷத்தில் பார்வை காம்புக்கு இறங்கியது. இலைக்காம்புகளின் அடியில் ஒரு கண்ணும் இல்லை. ஒவ்வொன்றும் கத்தி முனையால் சுத்தமாகத் தோண்டப்பட்டிருந்தது.

“இப்ப நான் வேலை பாக்குற பூக்கடை முதலாளி அப்பப்ப இங்க வர்ற ஆளு. செடியை விட்டு வெளிய வர்ற பூவுல கண்ணு இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க” என்றான் அவன்.

இவனைத்தானா கேட்டில் நிறுத்தி, அத்தனை பேர் முன்னால் சட்டைப்பையை இழுத்துப் பார்த்தேன் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. “தப்புப் பண்ணிட்டேன்டா” என்றார். இந்த மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. செடி இங்கேயே இருக்கட்டும், நீ திரும்பி வரும்போது கொண்டுவா, பதிவில் உன் பெயரையும் சேர்த்தே எழுதுவோம் என்றார்.

“வேண்டாம் மாமா. இது இங்க இருந்தா நீங்க தூங்க மாட்டீங்க.” பழைய கிண்டல் எட்டிப் பார்த்தது. “எடுத்துட்டுப் போங்க. நான் அடுத்த வாரம் கணக்கு முடிச்சுட்டு வந்துடறேன். அக்காகிட்ட சொல்லுங்க.”

தொட்டியைச் சுற்றிப் பழைய செய்தித்தாளைக் கட்டிக் கொடுத்தான். அவர் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் அவளிடம் முதலில் தம்பி வருகிறான் என்றுதான் சொல்ல வேண்டும், செடியைப் பற்றி அப்புறம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

படி திரும்புகிற இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. மூச்சு வாங்க நின்றார். தொட்டியைத் திட்டில் வைத்தார். அவருக்கே தெரியாமல் விரல் தண்டின் அடிக்குப் போனது. ஒன்று. இலையை விலக்கினார். இரண்டு. அந்தப் பக்கம் சீவின தடம் ஏதாவது இருக்கிறதா என்று தொட்டியைத் திருப்பினார்.

“எல்லாம் இருக்கா மாமா?”

நிமிர்ந்து பார்த்தார். மேல்படியில் மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லிப் பூவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறான். முகத்தில் சிரிப்பு இல்லை.

அவன் பூவை அந்தப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

கண்கள் எல்லாம் இருந்தன.